8090-இல் உட்கார்ந்திருப்பது யார்

குற்றாலம்
9 ஜூன் 2025

ஜோஷ்வாவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. வெள்ளச் சங்கு புரோகிராம் திறக்க மாட்டேன் என்கிறது, அதற்காக இந்த மெயில். மார்ச்சில் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியபோது, போனில் பேச வேண்டாம் என்று நான் சொன்னது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பேசினால் சண்டையில்தான் முடியும். எழுதினால் கொஞ்சம் யோசித்தாவது திட்டலாம்.

சாரல் பிடித்துவிட்டது. தோப்பு விடுதி அருவியில் தண்ணீர் விழுகிறது. சனிக்கிழமை காலையில் நல்லதம்பி அண்ணாச்சி ஆபீஸ் கம்ப்யூட்டரைப் போட்டு, சங்கு படத்தைத் தட்டினார். முன்பெல்லாம் தட்டியவுடன் ஒரு சின்ன ஜன்னல் திறந்து, மேலோடையில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும், பச்சை எரியும். இப்போது பச்சையும் இல்லை, ஜன்னலும் இல்லை. 8090 என்ற போர்ட்டை ஏற்கெனவே வேறொரு புரோகிராம் பயன்படுத்துகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து, மூடிக்கொள்கிறது. எத்தனை தடவை தட்டினாலும் அதே வரி.

பக்ரீத் முடிந்து நேற்று தென்காசியிலிருந்து ஹுஸைஃபா கம்ப்யூட்டர் கடையைத் திறந்த கையோடு வந்து பார்த்தார். "எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் புதுசா போட்டுருவோம் மேடம், ஒரு மணி நேரம்தான்" என்றார். நீங்கள் எழுதிய புரோகிராம் அதோடு போய்விடும் என்பது எனக்கே தெரியும். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

பச்சை எரிந்தால்தான் அருவிக்குப் போகும் கேட்டைத் திறப்பது. அது நீங்கள் போட்ட சட்டம். உங்களோடு எனக்கு ஆயிரம் இருக்கும், அந்தச் சட்டத்தை நான் மாற்றவில்லை. மலைமேல் மழை பெய்து வெள்ளம் இறங்கினால் சங்கு ஊத வேண்டும், சங்கு ஊதினால்தான் குளிக்கிறவர்கள் ஏறிக் கரைக்கு வருவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அந்த மதுரைக்காரர் பாறை இடுக்கைப் பிடித்துத் தொங்கியதை நான் கண்ணால் பார்த்தவள். சங்கு இல்லாமல் ஓர் ஆளைக்கூட அந்தத் தண்ணீருக்குள் விட மாட்டேன். தங்க வந்தவர்கள் கண் முன்னால் அருவியை வைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

8090-இல் உட்கார்ந்திருப்பது யார், அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி எழுப்பிவிடுவது என்று மட்டும் எழுதுங்கள்.

ஜாய்

*

கோயம்புத்தூர்
10 ஜூன் 2025

ஜாய்,

விண்டோஸை அழிக்க விடாதது நல்லது. ஹுஸைஃபாவுக்கு எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து தகவல் உள்ளே வர கம்ப்யூட்டரில் எண் போட்ட வாசல்கள் உண்டு. அதைத்தான் போர்ட் என்கிறோம். மேலோடையில் கட்டியிருக்கிற மிதவை, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை 8090 என்ற வாசலுக்கு அனுப்பும். ஒரு வாசலில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் உட்கார்ந்து கேட்க முடியும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். யாரோ முந்திக்கொண்டு துண்டைப் போட்டுவிட்டான். பின்னால் வந்த சங்கு புரோகிராம் நின்றுகொண்டு வர மாட்டேன் என்று இறங்கிப் போகிறது.

துண்டு யாருடையது என்று பார்ப்பது சுலபம். ஸ்டார்ட்டை அழுத்தி cmd என்று அடி. கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் இதை அடித்து என்டர் தட்டு:

netstat -ano

நிறைய வரிகள் ஓடும், பயப்படாதே. 8090 என்று முடிகிற வரி ஒன்று இருக்கும், அதில் LISTENING என்றும் போட்டிருக்கும். அந்த வரியின் கடைசியில் ஓர் எண் இருக்கும். அது அந்தப் புரோகிராமுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிற டோக்கன். பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீட்டெயில்ஸ் என்ற பக்கத்துக்குப் போ. பி.ஐ.டி. என்ற பத்தியில் அதே எண்ணைத் தேடு. பக்கத்தில் பெயர் இருக்கும். பெயரை எனக்கு எழுது.

நான் நேரில் வந்தால் அரை மணி நேர வேலை. வா என்று நீ சொல்லப் போவதில்லை, வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. பம்ப் கம்பெனியில் இந்த மாதம் வேலையும் அதிகம்.

கேட்டைத் திறக்காமல் வைத்திருப்பதுதான் சரி. வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜோஷ்வா

*

குற்றாலம்
12 ஜூன் 2025

ஜோஷ்வாவுக்கு,

நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் செய்தேன். பலன், இப்போது பிரிண்டரும் வேலை செய்யவில்லை.

நேற்று மத்தியானம் கறுப்புத் திரையில் நீங்கள் சொன்ன வரியை அடித்தேன். 8090 இருந்தது, LISTENING இருந்தது, கடைசியில் 4312 என்று எண் இருந்தது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். டாஸ்க் மேனேஜரைத் திறப்பதற்குள் மலைப்பக்கம் இடி விழுந்தது. அண்ணாச்சியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். "அண்ணாச்சி, நான் பாத்துக்கிட்டுல்லா இருக்கேன்" என்றேன். "இடி இடிக்கித நேரம் கரண்டுல கெடந்தா கம்ப்யூட்டர் வெளங்குமா? அந்த வருசம் டிவி போனது மறந்துபோச்சாக்கும்" என்று என்னையே கேட்டார்.

சாயங்காலம் மழை விட்ட பிறகு திரும்பப் போட்டேன். எண்தான் கையில் இருக்கிறதே என்று நேரே டாஸ்க் மேனேஜரில் 4312-ஐத் தேடினேன். இருந்தது. பெயரில் ஏதோ ஸ்பூல் என்று வந்தது. உட்கார்ந்திருப்பவனை எழுப்பத்தானே இவ்வளவும் என்று எண்ட் டாஸ்க் கொடுத்தேன். சங்கு படத்தைத் தட்டினால் அதே பழைய வரி. இன்று காலை அறை காலி செய்தவர்களுக்கு பில் அடிக்கப் போனால் பிரிண்டர் ஊமையாக நிற்கிறது. கையால் எழுதிக் கொடுத்தேன். அந்த ராஜபாளையத்து அம்மா, என்னவோ நான் கள்ளக் கணக்கு எழுதுகிற மாதிரி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒழுங்காக முழுசாக எழுதுங்கள். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை எதிராளியே புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பது உங்கள் பழைய வழக்கம்.

கேட் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.

ஜாய்

*

கோயம்புத்தூர்
13 ஜூன் 2025

ஜாய்,

தவறு என்னுடையதுதான். சொல்லியிருக்க வேண்டும்.

அந்த எண் நிரந்தரமானது இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் எல்லோருக்கும் புதிதாக டோக்கன் கொடுக்கும். டாக்டர் வீட்டில் நேற்று ஏழாம் நம்பர் வாங்கியவரும் இன்று ஏழாம் நம்பர் வாங்கியவரும் ஒரே ஆளா? அண்ணாச்சி பிளக்கைப் பிடுங்கியதும் 4312 வேறு ஆளுக்குப் போய்விட்டது. பாவம், பிரிண்டருக்குப் போயிருக்கிறது. கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் பிரிண்டர் சரியாகிவிடும்.

திரும்பவும் முதலிலிருந்து செய். எண்ணைப் பார்ப்பதும் பெயரைத் தேடுவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். நடுவில் இடி வந்தால் விட்டுவிட்டு, மறுபடி போட்டபின் புதிதாக ஆரம்பி. பழைய எண்ணை நம்பாதே.

பெயர் வந்ததும் எனக்கு எழுதிக் காத்திருந்தால் நாட்கள்தான் போகும். System என்று பெயர் வந்தால் தொடாதே, எனக்கு எழுது. வேறு எந்தப் பெயர் வந்தாலும் எண்ட் டாஸ்க் கொடுத்துவிட்டு, உடனே சங்கு படத்தைத் தட்டு. ஜன்னல் திறக்கும். அதில் சோதனை என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அழுத்தினால் சங்கு ஊத வேண்டும். ஊதினால் கேட்டைத் திறக்கலாம்.

இங்கே வெயில் போட்டு வாட்டுகிறது. சாரல் பிடித்துவிட்டது என்று நீ எழுதிய வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன்.

ஜெனோ எப்படி இருக்கிறான்? மஸ்கட்டிலேயே இருக்கிறானா?

ஜோஷ்வா

*

குற்றாலம்
16 ஜூன் 2025

ஜோஷ்வாவுக்கு,

ஆள் கிடைத்தான். ஒரே மூச்சில் செய்தேன், அண்ணாச்சியை வாசலில் நிறுத்தி "இடி வந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க, பொறவு புடுங்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டு. பெயர் pythonw.exe. ஹுஸைஃபாவிடம் போனில் கேட்டேன், வைரஸாகத்தான் இருக்கும் என்றார். System இல்லை, அதனால் நீங்கள் சொன்னபடி எண்ட் டாஸ்க் கொடுத்தேன். படத்தைத் தட்டியதும் ஜன்னல் திறந்தது. பச்சை. சோதனை பட்டனை அழுத்தினேன், சங்கு ஊதியது. அருவிக்கரை மாமரத்திலிருந்து குரங்குகள் எல்லாம் சிதறி ஓடின. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. இன்று காலை பத்து மணிக்கு அண்ணாச்சி கேட்டைத் திறந்தார்.

நன்றி. இதற்கு மட்டும்.

இந்தப் படமே மே மாதம் பார்த்தபோது காணாமல் போயிருந்தது. டெஸ்க்டாப்பில் அதைக் காணோம் என்று அண்ணாச்சி ஒரு நாள் முழுக்கப் புலம்பினார். ஹுஸைஃபாதான் எந்த ஃபோல்டரிலோ தேடி எடுத்துத் திரும்ப வைத்தார். அதையும் அந்த வைரஸ்தான் செய்திருக்கும் போல.

ஜெனோவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்றுதான் தெரியவில்லை. இருக்கிறான். அங்கேயே இருக்கிறான். என் கூடப் பிறந்தவன், ஊருக்கு வந்து தோப்பில் என்னோடு இருந்து வேலை பார்க்கட்டுமா என்று தோப்பு மெயிலுக்கு எழுதிக் கேட்டான். மெயில் உங்கள் கையில் இருந்தது. ஜாய்க்கு இப்போது விருப்பமில்லை என்று நீங்களே பதில் போட்டுவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அவன் குடிக்கிறவன், எனக்குத் தொல்லை கொடுப்பான், என்னைக் காப்பாற்றினேன் என்று சொன்னீர்கள். என் பெயரில் போன பதில் எனக்கு ஒரு வருடம் கழித்து, அவன் அழுதுகொண்டு சொல்லித் தெரிய வேண்டுமா? வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்கிற வாய் என்னுடையதாக இருந்திருக்கும்.

இனி எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஜாய்

*

கோயம்புத்தூர்
16 ஜூன் 2025, மாலை

ஜாய்,

உடனே கேட்டைப் பூட்டு. கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடு. மீதியை அதற்குப் பிறகு படி.

நீ எழுப்பிவிட்டது வைரஸ் இல்லை. அதுதான் சங்கு புரோகிராம்.

அண்ணாச்சி ஜன்னலை மூடிவிடுகிற பழக்கத்தை மறந்திருக்க மாட்டாய். காலையில் பச்சையைப் பார்ப்பார், கேட்டைத் திறப்பார், வந்து ஜன்னலை மூடிவிடுவார். ஜன்னல் மூடினால் புரோகிராம் நின்றுவிடும், சங்கு ஊதாது என்று நான் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை. "பச்சயத்தான் பாத்தாச்சே, பொறவு அது எதுக்குச் சும்மா தொறந்து கெடக்கணும்?" என்பார். அதனால் பிப்ரவரியில், ஜன்னலே இல்லாமல் பின்னால் ஓடுகிற மாதிரி மாற்றி எழுதினேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் அதுவே கிளம்பிவிடும், யாரும் தட்ட வேண்டாம், யாரும் மூடவும் முடியாது. பழைய படத்தை டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்ததும் நான்தான். பச்சையை இனிமேல் பிரவுசரில் பார்க்கலாம் என்று உனக்கும் அண்ணாச்சிக்கும் காட்டுவதாக இருந்தேன். அந்த வாரம்தான் ஜெனோ போன் செய்தான். பிறகு நாம் பேசவில்லை, நான் கிளம்பிவிட்டேன்.

பழைய படத்தை ஹுஸைஃபா திரும்ப வைத்தார் என்று நீ எழுதியதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பின்னால் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி இன்னொன்றைத் தட்டியிருக்கிறார். வாசலில் உட்கார்ந்திருந்ததும் அதுவே, நின்றுகொண்டு புகார் சொன்னதும் அதுவே. இத்தனை நாளும் சங்கு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. இப்போதுதான் இல்லை. அண்ணாச்சி ஜன்னலை மூடியிருந்தால், இந்த நிமிஷம் அந்த வாசலில் யாருமே இல்லை.

அணைத்துப் போட்டால் பின்னால் ஓடுவது தானே கிளம்பிவிடும். பழைய படத்தை இனி யாரும் தட்ட வேண்டாம்.

உன் செல்லில் என் எண் பிளாக். ஆபீஸ் போனுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன், பிஸி என்றே வருகிறது. அண்ணாச்சி செல்லுக்கு அங்கே சிக்னல் கிடையாது. ஹுஸைஃபாவைப் பிடித்துவிட்டேன். இன்று கடையில் ஆள் இல்லையாம், காலையில் முதல் வேலையாக வருவதாகச் சொன்னார். நீ மெயிலை அதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

ஜோஷ்வா

*

குற்றாலம்
19 ஜூன் 2025

ஜோஷ்வாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் படித்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம், தென்காசி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு. இனி எழுத வேண்டாம் என்று எழுதியவள், பதில் வந்திருக்கும் என்று திறந்து பார்ப்பாளா?

யாரும் சாகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய் காலை அண்ணாச்சி கம்ப்யூட்டரைப் பார்த்தார். ராத்திரி முழுக்க அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கென்று இடியும் இல்லை, பிளக்கைப் பிடுங்கவும் இல்லை. பிடுங்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. படத்தைத் தட்டினார், பச்சை பார்த்தார், கேட்டைத் திறந்தார், வந்து ஜன்னலை மூடினார். நான் அவரைத் திட்டவில்லை. திட்டு வாங்குகிற நிலையில் அவரும் இல்லை.

ஆறு பேர் தண்ணீரில் இருந்தார்கள். கடையநல்லூரிலிருந்து வந்த குடும்பம். இங்கே நல்ல வெயில். நான் மாடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தேன். ஓடைச் சத்தம் மாறியது. அது எப்படி மாறும் என்று எழுதிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரியும். எட்டிப் பார்த்தால் மேலே தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது, சருகும் கிளையுமாக. சங்கு ஊதும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். ஊதவில்லை. பிறகு கத்திக்கொண்டே படியிறங்கி ஓடினேன்.

ஐந்து பேர் ஏறிவிட்டார்கள். பாஹிமா என்ற பெண் கொஞ்சம் உள்ளே பாறையில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள், அருவிச் சத்தத்தில் நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. தண்ணீர் அவளை அப்படியே தூக்கி, கீழே கம்பி வேலியில் கொண்டுபோய் அடித்தது. அண்ணாச்சிதான் குதித்தார். வேட்டி கட்டியபடியே குதித்தார். வேலியைப் பிடித்துக்கொண்டு அவளை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, நாங்கள் கயிறு போடும் வரைக்கும் நின்றார். அவளுக்குக் கை எலும்பு முறிந்திருக்கிறது, நெற்றியில் தையல். அண்ணாச்சிக்கு முட்டு வீங்கி நடக்க முடியவில்லை. "நாந்தாம்மா மூடுனேன், நாந்தாம்மா மூடுனேன்" என்று ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னாலும் சொல்லி அழுதார். என்னால் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் ஹுஸைஃபா பைக்கில் வந்து இறங்கி, "ஜோஷ்வா சார் சொன்னாரு" என்று ஆரம்பித்தார். முதலில் காரை எடுங்கள் என்றேன்.

ஆபீஸ் போன் பிஸி என்றே வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரலில் உங்கள் எண்ணை அதிலும் பிளாக் செய்துவிட்டேன். நீங்கள் வாடிக்கையாளர் மாதிரி ஆபீஸ் போனில் கூப்பிட்டு, அண்ணாச்சியிடம் என்னைப் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைத்தேன். கேட்டிருப்பீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அது இருக்கட்டும்.

நீங்கள் சொன்னதைத்தான் நான் செய்தேன். நான் கொன்றது எங்களைக் காத்துக்கொண்டிருந்ததை. அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. என் வீட்டில், என் மேஜையில், நாலு மாதமாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதன்மேல் கை வைத்திருப்பேனா? நல்லதைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது பெருமை என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஜெனோ விஷயத்தில் நான் ஏன் அவ்வளவு கோபப்பட்டேன் என்று அன்று கேட்டீர்களே, இதுதான். இதேதான். அந்தப் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறாள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கேட்டைப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம் இருக்கிறது.

ஜாய்

*

கோயம்புத்தூர்
21 ஜூன் 2025

ஜாய்,

உன் கடிதத்தில் நான் மறுக்கக்கூடிய வரி ஒன்றும் இல்லை. ஜெனோவுக்கு நான் எழுதிய பதில் சரியானது என்றே இன்னும் நினைக்கிறேன். உன்னிடம் காட்டாமல் எழுதியது சரியில்லை. இந்த இரண்டையும் இத்தனை நாள் ஒன்றாகவே நினைத்து உன்னோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.

பாஹிமாவுக்கும் அண்ணாச்சிக்கும் எப்படி இருக்கிறது என்று எழுது. அண்ணாச்சியிடம் ஒன்று சொல். ஜன்னலை மூடுகிற ஆள் இருக்கிற இடத்துக்கு, மூடினால் நின்றுபோகிற புரோகிராமை எழுதிக் கொடுத்தவன் நான். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி.

பின்னால் ஓடுகிற அந்தப் புரோகிராம் சங்கை ஊதுவதோடு நிற்பதில்லை. மேலோடைத் தண்ணீர் அளவை என் செல்லுக்கும் அனுப்புகிறது. மார்ச்சிலிருந்து தினமும் பார்க்கிறேன். கோடையில் வெறும் சைபர்தான் வரும், அதையும் பார்ப்பேன். இங்கே ஃபேக்டரிக்குப் போகிற பஸ்ஸில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். பதினாறாம் தேதி காலையிலிருந்து அளவு வரவில்லை. நெட் போயிருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் உன் கடிதம் வந்த பிறகுதான் ஏன் வரவில்லை என்று தெரிந்தது. அந்த ராத்திரியும் மறுநாள் காலையும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. நீங்கள் அணைத்துப் போட்டதும் அளவு வரும் என்று காத்திருந்தேன். எனக்கு அப்படியொரு பயம் இதற்கு முன் வந்ததில்லை.

இதையும் உன்னிடம் சொல்லாமல்தான் செய்திருக்கிறேன். அதனால் நிறுத்தும் வழியையும் சொல்கிறேன், இந்த முறை முழுசாக. கம்ப்யூட்டரைப் போட்டபின் பிரவுசரில் localhost:8090 என்று அடி. பச்சை வரும். நான் காட்டாமல் விட்ட பக்கம் இதுதான். கீழே இரண்டு கட்டம் இருக்கும். முதல் கட்டம் சங்கு, அதை எடுக்காதே. இரண்டாவது கட்டம், அளவை வெளியே அனுப்புவது. அதிலிருக்கிற டிக்கை எடுத்துவிட்டால் எனக்கு எதுவும் வராது. எடுத்த பிறகு நான் சொல்வதை நம்பாதே, நீயே பார். கறுப்புத் திரையில் அதே netstat வரியை அடித்து, 8090 வரியின் கடைசி எண்ணை எடுத்துக்கொள். அதே எண்ணோடு ESTABLISHED என்று வெளியூர் முகவரி போட்ட இன்னொரு வரி இருந்தால், அந்த வழியாகத்தான் எனக்கு வருகிறது. டிக்கை எடுத்ததும் அந்த வரி போய்விட வேண்டும். எண்ணை அன்றன்றைக்குப் புதிதாகப் பார்க்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும்.

உன் கம்ப்யூட்டரில் நான் வைத்தது இவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

சங்கைச் சோதிக்கப் பட்டனை அழுத்துவது போதாது. யாரையாவது மேலோடைக்கு அனுப்பி மிதவையைக் கையால் தூக்கச் சொல். அப்போது சங்கு ஊதினால்தான் அது உண்மையில் கேட்கிறது என்று அர்த்தம். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் சங்கு ஓடிக்கொண்டிருப்பது அன்றே தெரிந்திருக்கும், உனக்கு எந்தப் புரோகிராமையும் தேட வேண்டி வந்திருக்காது. எனக்குத் தோன்றவில்லை.

ஜோஷ்வா

*

குற்றாலம்
25 ஜூன் 2025

ஜோஷ்வாவுக்கு,

பாஹிமா நேற்று வீட்டுக்குப் போய்விட்டாள். கையில் கட்டு ஆறு வாரம் இருக்க வேண்டுமாம். அடுத்த சாரலுக்கு வருவேன் என்றாள், வேண்டாம் என்று அவள் அம்மா அவள் தலையில் தட்டினாள். அண்ணாச்சி கம்பு ஊன்றி நடக்கிறார். நீங்கள் சொன்னதை அவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்தத் தம்பி எதையும் மொதல்ல சொல்ல மாட்டாருல்லா" என்றார்.

இன்று காலை மூன்று பேருமாக உட்கார்ந்தோம், நான், அண்ணாச்சி, ஹுஸைஃபா. பழைய படத்தை எடுத்துவிட்டோம், ஃபோல்டரிலிருந்தும். பிரவுசரில் பச்சையைப் பார்த்தோம். அண்ணாச்சியை விட்டே அந்தப் பக்கத்தை மூடச் சொன்னேன். மூடினார். ஹுஸைஃபா மேலோடைக்கு ஏறிப் போய் மிதவையைத் தூக்கினார். சங்கு ஊதியது. ஊதிக்கொண்டே இருந்தது, ஹுஸைஃபா கீழே இறங்கி வந்து போதுமா என்று கேட்கும் வரைக்கும் அண்ணாச்சி அசையவில்லை. "மூடுன பொறவும் ஊதுதே" என்று இரண்டு தடவை சொன்னார்.

பிறகு கறுப்புத் திரையில் நானே அடித்துப் பார்த்தேன். எண்ணை எடுத்தேன், நீங்கள் சொன்ன இன்னொரு வரியும் இருந்தது. வெளியே போகிற வரி. அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "இது யாரும்மா?" என்று கேட்டார். யார் என்று சொன்னேன். "எடுத்துரவா?" என்று ஹுஸைஃபா மவுஸைப் பிடித்தார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இது உங்கள்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தீரவில்லை. ஜெனோவுக்கு நேற்று நானே எழுதினேன், என் வாயால் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உங்களுக்கு இப்போது எழுதப் போவதில்லை. நீங்கள் இங்கே வர வேண்டாம், இந்த சாரலுக்கு வேண்டாம். ஆபீஸ் போனில் உங்கள் எண்ணுக்குப் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டேன். என் செல்லில் எடுக்கவில்லை. வெள்ளம் என்றால் ஆபீஸ் போனுக்குக் கூப்பிடுங்கள், அண்ணாச்சி எடுப்பார்.

கேட்டை மத்தியானத்துக்கு மேல் திறந்தோம். நான் கரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்தக் கடிதமும் அங்கிருந்துதான். இன்று அருவியில் தண்ணீர் குறைவு. பார்த்திருப்பீர்கள்.

ஜாய்